மணிச்சத்தைக் குறைத்தால்தான் 'வேம்' வேலை செய்யும்

காய்கறி விவசாயிகளிடையே வேர் உட்பூசணம் பற்றி இருவிதமான பேச்சு உண்டு. 'அதைப் போட்டால் உரமே வேண்டாம்' என்பது ஒன்று. 'போட்டுப் பார்த்தாயிற்று, பலன் இல்லை' என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. கடைகளில் 'வேம்' என்றும் 'மைக்கோரைசா' என்றும் விற்கப்படும் இப்பூசணத்தைக் குறை சொல்லுமுன், அதனுடன் எத்தனை மூட்டை டி.ஏ.பி. போடப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் சுண்ணாம்புடனும், புளிப்பு நிலத்தில் இரும்பு, அலுமினியத்துடனும் சேர்ந்து கட்டுண்டு விடும். போட்ட மணிச்சத்தில் கால் பங்குகூட முதல் பயிருக்குக் கிடைப்பதில்லை. வேரை ஒட்டியுள்ள சில மில்லிமீட்டர் மண்ணில் சத்து தீர்ந்ததும் வேர் தவிக்கிறது. வேருக்குள் குடியேறிய பூசணமோ, நூலிழைகளைப் பல சென்டிமீட்டர் தூரம் மண்ணில் பரப்பி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டு வந்து கொடுக்கிறது. பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது.

இது கொடுக்கல் வாங்கல். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி, பூசணத்துக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்காது. எனவே உரத்தைக் குறைக்காமல் பூசணத்தை இடுவது, இரண்டுக்கும் பணம் கொடுத்து ஒன்றை வீணாக்குவதாகும்.

எவ்வளவு குறைக்கலாம்? கால் பங்கு. தக்காளி ரகங்களுக்கு எக்டருக்கு 100 கிலோ, அதாவது ஏக்கருக்கு 40 கிலோ மணிச்சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இதில் 10 கிலோ குறைந்தால் சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 62 கிலோ, டி.ஏ.பி.யானால் சுமார் 22 கிலோ மிச்சம். டி.ஏ.பி.யைக் குறைக்கும்போது அதிலுள்ள தழைச்சத்தும் 4 கிலோ குறையும். அதை ஈடுகட்ட 9 கிலோ யூரியா போதும். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் வேமை நம்பிக் குறைக்கக் கூடாது. மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று தெரிந்தால், வேம் வாங்குமுன் உரத்தைக் குறைப்பதே முதல் வேலை.

சிறு விவசாயிக்கு ஏற்ற இடம் நாற்றங்கால். ஒரு ஏக்கர் தக்காளி, கத்தரிக்குச் சுமார் ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம் 4 கிலோ வேம் இதற்குப் போதுமானது. மண்ணில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பி, அதன் மேல் விதைக்க வேண்டும். வேர் அதைத் தொட்டால்தான் பூசணம் உள்ளே புகும். நாற்றங்காலில் டி.ஏ.பி. வேண்டாம், மக்கிய தொழு உரம் போதும். கார்பென்டாசிம் கரைசல் ஊற்றினால் பூசணம் பாதிக்கப்படும். நாற்றழுகலைத் தடுக்க, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யலாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை ஆகியவற்றுக்கு வேம் ஏற்றது. வேர்த்தூவிகள் குறைந்த வெங்காயம் இதனால் நன்கு பயன்பெறும். ஆனால் முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றின் வேரில் இப்பூசணம் குடியேறாது. இவற்றுக்கு வேம் வாங்குவது வீண் செலவு.

அசோஸ்பைரில்லத்தைப் போல வேமைத் தனியே ஊடகத்தில் வளர்க்க முடியாது. உயிருள்ள வேரில்தான் பெருக்க முடியும். மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் வளர்த்தே தயாரிக்கிறார்கள். ஆகவே தரமற்ற சரக்கும் சந்தைக்கு வர இடமுண்டு. தயாரிப்பு நாள், காலாவதி நாள் பார்த்து, ரசீதுடன் வாங்கி, நிழலில் வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

மகசூல் குறையுமோ என்ற அச்சம் நியாயமானதே. முதல் ஆண்டில் நிலம் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. நான்கு பாத்திகளில் வேம் நாற்றை நட்டு, கால் பங்கு மணிச்சத்தைக் குறைக்கட்டும். பக்கத்து நான்கு பாத்திகளில் வழக்கம்போல் உரமிடட்டும். இரண்டிலும் பறித்த காயைத் தனித்தனியே எடை போட்டு எழுதி வைத்தால், அடுத்த பருவத்தில் எத்தனை மூட்டை வாங்குவது என்பதை உரக்கடைக்காரர் அல்ல, விவசாயியே முடிவு செய்யலாம்.