காற்று அடித்தால் போதுமா?

மெல்லக் கசிகின்ற ரயரைப் பழுதென்று ஒப்புக்கொள்ள நம்மவர்களில் பலர் ஆயத்தமாக இல்லை. இரண்டு நாளைக்கொரு தடவை காற்று அடித்தால் ஓடும்தானே என்பது அவர்களது வாதம். ஓடும்தான்; எதுவரை ஓடும் என்பதே கேள்வி.

குறையேதுமற்ற ரயரும் மாதத்துக்கு ஓரிரு இறாத்தல் அமுக்கத்தை இழக்கவே செய்யும். வாரத்துக்கு ஐந்தாறு இறாத்தல் இறங்குவது இயல்பல்ல. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுமீறி மடிந்து விரிகின்றது. அதில் எழும் வெப்பம் உள்ளடுக்குகளைப் பிரித்துவிடக் கூடியது. கொழும்பு நெரிசலில் ஊரும்போது இது புலப்படாது. 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது புலப்படும், மிகவும் தாமதமாக.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று சிலர் வாதிடக்கூடும். அந்த விளக்கின் வரலாறு அவர்களுக்குத் தெரியவேண்டும். 2000 ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் ரயர்களை மீளப்பெற்றது. காற்றமுக்கம் போதாமை அந்த விவகாரத்தின் பெரும் சர்ச்சைகளுள் ஒன்று. அதன் விளைவாக அமெரிக்கா சட்டமியற்றி, 2007 செப்டெம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இந்த விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த விதி கேட்பது, அமுக்கம் 25 சதவீதம் குறையும்போது விளக்கு எரியவேண்டும் என்பதைத்தான். அதாவது 32 இறாத்தல் 24 ஆகும்வரை அது வாய் திறக்காதிருக்கலாம். நமது வீதிகளில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் அதுவும் கிடையாது.

ரயர் கடைகளும் குற்றமற்றவையல்ல. ரியூப் இல்லாத ரயரில் ஏறிய ஆணி தன் துளையைத் தானே அடைத்துக்கொள்வதால்தான் கசிவு மெதுவாக இருக்கின்றது. அதைப் பிடுங்கி, வெளியிலிருந்தே இறப்பர் திரியொன்றைச் செருகி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகின்றார்கள். முறையான வேலை அதுவல்ல. ரயரைக் கழற்றி, உட்புறத்தைப் பார்த்து, துளையையும் அடைத்து உள்ளேயும் ஒட்டுப் போடவேண்டும். பக்கச்சுவரில் துளையென்றால் ஒட்டவே கூடாது. ஆணியே இல்லாதபோது வால்வையும், துருவேறிய விளிம்பையும் சவர்க்கார நீர் தடவிப் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கேட்கப்படுவது காப்புறுதியும் புகைச் சான்றிதழும்தான். புகை பிறரைப் பாதிக்கும் என்பது நியாயமான காரணம். வெடித்த ரயருடன் எதிர்த் தடத்துக்குப் பாயும் கார் யாரைப் பாதிக்கின்றதாம்? ரயரையும் பரிசோதனையில் சேர்க்கக் கோரினால் செலவு என்பார்கள். அமுக்கமானியுடன் நான்கு சக்கரங்களையும் சுற்றிவர ஐந்து நிமிடம் ஆகாது.