விமானத்தை எங்கே கட்டிப் போடுவது?

"நம் பிழைப்பே மோட்டார் சைக்கிளில் ஓடுகிறது, இவர் விமானத்துக்கு இடம் தேடுகிறாராம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பழைய நான்கு இருக்கை செஸ்னா ஒன்று பல சமயம் சொகுசுக் காரின் விலைக்கே கிடைக்கிறது. தெலுக் இந்தான் பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தாருக்கு, தோட்டத்துக்குள் ஓடுபாதை என்பது புதுமையும் அல்ல. நாளை நம் பிள்ளைகள் நால்வர் கூட்டுச் சேர்ந்து ஒரு விமானம் வாங்கினால், அதை எங்கே நிறுத்துவது?

பலரும் முதலில் ஓடுபாதையின் நீளத்தைக் கேட்பார்கள். அது ஒரு பொருட்டே அல்ல. சுபாங்கில் 3,780 மீட்டர், ஈப்போவில் 2,000, சிலேத்தாரில் 1,836. செஸ்னா 172 கிளம்பி 50 அடி உயரத்தை எட்ட ஏறக்குறைய 500 மீட்டர் போதும். நம் வெயிலில் கொஞ்சம் கூடும். அடுத்து வாடகையைக் கேட்பார்கள். குறைந்த வாடகை என்று மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தினால், முதல் மாதம் வாரந்தோறும் போவார்கள். பிறகு தீபாவளிக்குத் தீபாவளிதான்.

அங்கேதான் வினை. லைகமிங் எஞ்சினில் கேம் தண்டு மேல்பக்கம் இருக்கிறது. ஓடாமல் கிடந்தால் அதன் மேலுள்ள எண்ணெய் வடிந்துவிடும். நம் ஊர் ஈரக் காற்று துருப்பிடிக்க வைத்துவிடும். தரையில் நிறுத்தியபடியே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வருவது மருந்தாகாது. எண்ணெய் போதிய சூடேறாததால் ஈரம் இன்னும் சேரத்தான் செய்யும். மேலே போய் ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும். ஆகவே, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இடம் வாடகை கூடுதலானாலும் மலிவுதான் என்பது என் கட்சி. சிங்கப்பூரில் குடியிருந்துகொண்டு செனாயில் விமானம் வைக்க நினைப்பவர், ஜொகூர் பாலத்து நெரிசலையும் கணக்கில் சேர்க்கட்டும்.

அடுத்தது கூரை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து 'சுமத்ரா' காற்று வீசும். வெறும் எடை 800 கிலோகூட இல்லாத விமானம் இது. கொட்டகை கிடைக்காவிட்டால், இரண்டு இறக்கையையும் வாலையும் கட்டத் தரையில் உறுதியான வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லங்காவி, பினாங்கு போன்ற கடலோர நிலையங்களில் உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும்.

காற்றைவிடக் கொடியது குளவி. வேகத்தைக் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுபோகும் சிறு குழாய்க்குள் அது மண்கூடு கட்டிவிடும். 1996 பிப்ரவரி 6ஆம் தேதி டொமினிக்கன் குடியரசில், சில வாரம் நின்றிருந்த போயிங் 757 ஒன்று கிளம்பிய சில நிமிடத்தில் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். வேகக் குழாய் அடைபட்டிருந்ததே காரணம், குளவிக் கூடாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முடிவு. குழாய்க்கு உறை போடாமல் நிறுத்தி வைத்திருந்தார்களாம். பெரிய விமானத்துக்கே இந்தக் கதி!

மெக்கானிக் விஷயத்தில் ஏமாறாதீர்கள். "பக்கத்து ஊரிலிருந்து வருவார்" என்ற பதிலை ஏற்க வேண்டாம். உரிமம் பெற்ற பொறியாளர், அதுவும் உங்கள் ரக விமானத்தில் கை பழகியவர், அந்த நிலையத்திலேயே இருக்கிறாரா? 100 மணி நேரப் பரிசோதனைக்கு வேறு ஊருக்குப் பறக்க வேண்டுமென்றால் அந்தச் செலவும் உங்களுடையது. எண்ணெயும் அப்படித்தான். ஜெட் எண்ணெய் பெரிய நிலையங்களில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அது மண்ணெண்ணெய் வகை, செஸ்னாவுக்கு ஆகாது. நீல நிற அவ்கேஸ் அங்கே கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். டயர் இறங்கி, உறை கிழிந்து, பறவைக் கூட்டோடு எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று காவற்காரரையும் கேளுங்கள்.