கிருமிகளும் கைமாத்து வாங்கும்!

சளி, காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், 'அண்ணா, போன வாட்டி குடுத்தீங்களே... அதே ஆன்டிபயாடிக் நாலு குடுங்க' என்று வாங்கி வருவது, எங்கள் கோவைப் பக்கம் சர்வ சாதாரணம். கேட்டால், 'என் உடம்பு, என் காசு; உனக்கென்ன?' என்கின்றனர். எனக்கும் தான் இருக்கிறது!

சளி, காய்ச்சல் பெரும்பாலும் வைரசால் வருவது. அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. நம் குடலில் சும்மா கிடக்கும் பாக்டீரியாக்களைத் தான் கொல்லும். மருந்துக்கு மசியாத சில மட்டும் தப்பித்து, பெருகி விடும். அந்த எதிர்ப்பு சக்தியைத் தரும் மரபணு, பல சமயம், பிளாஸ்மிட் என்ற குட்டி வளையத்தில் தனியாக இருக்கிறது. இரண்டு கிருமிகள் ஒட்டி நின்றாலே, வளையத்தின் நகல் அடுத்ததுக்குப் போய் விடும். சொந்தம், ஜாதி பார்ப்பதெல்லாம் கிடையாது. நாம் கைமாத்து வாங்கினால் கொடுத்தவருக்குக் குறையும். இங்கே அதுவும் இல்லை. போதாததற்கு, பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள், சரட்டில் மணி கோர்த்த மாதிரி, ஒரே வளையத்தில் சேர்ந்து கொள்கின்றன. நாம் ஒரு மருந்தை விழுங்கினாலும், மொத்தச் சரடும் பிழைத்துக் கொள்ளும். மாத்திரை உங்கள் காசு தான்; வளையம் போவது அடுத்தவர் உடம்புக்கு. சிசேரியனிலும், முழங்கால் ஆபரேஷனிலும் சீழ் பிடிக்காமல் காப்பது இந்த மருந்துகள் தானே?

2010ல் உலகையே பேச வைத்த, என்.டி.எம்.,1 மரபணு இப்படிப் பரவுவது தான். அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயரே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியுடையது. மரபணுவுக்கு டில்லியின் பெயரை வைத்து விட்டனர் என்ற சண்டையில், விஷயம் அமுங்கிப் போனது.

இத்தகைய கிருமிகளுக்கு டாக்டர்களிடம் மிஞ்சிய ஒன்றிரண்டு மருந்துகளில், கொலிஸ்டினும் ஒன்று. அதையும், கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று, நம் நாட்டில் தீவனத்தில் கலந்தனர். அதை எதிர்க்கும் மரபணுவும் வளையம் ஏறி விட்டதை, 2015ல் சீனாவில் கண்டுபிடித்தனர். பன்றி, இறைச்சி, நோயாளிகள் எல்லாரிடமும் இருந்ததாம். உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு அதைத் தர, மத்திய அரசு தடை விதித்தது, 2019 ஜூலையில் தான்.

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்; கோழியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக வெந்தால், கிருமி செத்து விடும். கறி வெட்டிய பலகையைக் கழுவாமல், அதிலேயே பச்சடிக்கு வெங்காயம் நறுக்காதீர்கள். பண்ணை வைத்திருக்கும் அண்ணன், தம்பி, கொழுந்தனார் விருந்துக்கு வரும்போது, 'தீவனத்துல என்ன மருந்துங்க கலக்கறீங்க?' என்று, சோறு போட்டுக் கொண்டே கேளுங்கள்.

— வாசகி, கோவை.