பின்பெட்டியில் கிடந்த இரும்புத் தடி

மாங்குளத்திலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்கு ஒரு கடிதமும், தாமே வரைந்த படமொன்றும் அனுப்பியிருக்கிறார். அவருடைய பாட்டனாரின் மொறிஸ் மைனர் கார் 2009ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கைவிடப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டதாம். ரயர்களும் இருக்கைகளும் போய்விட்டன. பின்பெட்டியின் தளப்பலகையைக் கழற்றியபோது, மாற்றுச் சில்லு வைக்கும் பள்ளத்திலே துருவேறிய இரும்புத் தடியொன்று கிடந்திருக்கிறது. இரண்டு இடங்களில் மடிந்தது. ஒரு முனை கைப்பிடி. மறுமுனையில் குறுக்கே ஓர் ஆணி ஊடுருவி நிற்கின்றது. பழைய இரும்பு வாங்க வந்தவர் தராசையே தூக்கிவிட்டாராம். அம்மையார் தடுத்திராவிட்டால் இக்கட்டுரைக்கு இடமில்லை. "இது யாது?" என்பதே மாணவரின் வினா.

படத்தைக் கண்ட எம் அயலவர், ஜாக்கைச் சுழற்றும் கம்பி என்றார். அன்று. ஜாக்குக்கு இத்தனை நீளம் வேண்டியதில்லை, குறுக்காணியும் வேண்டியதில்லை. மாணவர் கருத்தோடு குறித்திருக்கும் ஓர் அடையாளமே எமக்கு வழிகாட்டியது. தடியின் நடுப்பகுதியில், சுற்றிவர ஓரிடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றது. அஃதாவது அத்தடி ஏதோ ஒரு துளையினுள் பல்லாண்டுகள் சுழன்றிருக்கின்றது. காரின் முன்புறம் சென்று குனிந்து பாரும், தம்பி. பம்பரின் நடுவே துளையொன்று உண்டு. அதற்கு நேரே உள்ளே, எஞ்சினின் முதன்மைத் தண்டு முனையில், பல் வெட்டிய ஒரு நட்டு இருக்கும். குறுக்காணி அப்பற்களிற் பொருந்தும். உமது இரும்புத் தடி காரை உயிர்ப்பிக்கும் ஹாண்டில் ஆகும்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் முழங்குவது பிற்காலத்து வசதி. அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றறிங் அமைத்த மின் ஸ்ராட்டர் 1912இல் காடிலாக் கார்களில் வந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் கார் செய்வோர் ஹாண்டிலை விட்டுவிடவில்லை. அலெக் இசிகோனிஸ் வகுத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்து, 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. அதற்கும் மின் ஸ்ராட்டர் உண்டு, ஹாண்டிலும் உண்டு. பற்றரி சோர்ந்த நாளுக்கு ஒரு துணை.

வன்னியிலோ அந்த நாள் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1990 முதல் 2002இல் பொருளாதாரத் தடை நீங்கும்வரை, பெற்றோலும் பற்றரியும் தடுக்கப்பட்ட பொருள்களாக இருந்தன. பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலின் பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, ஹாண்டிலைச் சுழற்றி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். (பிரித்தானியாவில் உழவு இயந்திரங்கள் முன்னரே இம்முறையில் ஓடியவைதாம், நம்மவர் அதனைக் காருக்கு வசமாக்கினர்.) எரியாது மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைக் கெடுத்தது, புகை கண்ணைக் கரித்தது. ஆயினும் நள்ளிரவில் பிரசவ வேதனையோடு ஒரு பெண் காத்திருக்கும்போது, புகையைப் பற்றி எவர் பேசுவார்? உம்முடைய தடியில் தேய்ந்திருக்கும் அவ்விடம் அக்காலத்தது போலும். பாட்டியாரைக் கேட்டுப் பாரும்.

இனி எச்சரிக்கை. அந்தப் பற்கள் ஒருபுறம் சரிவாக வெட்டப்பட்டவை. எஞ்சின் உயிர்பெற்று முன்னோக்கி விரையும்போது, சரிவு ஆணியைத் தானே வெளித்தள்ளிவிடும். ஆனால் பொறி உரிய நேரத்துக்கு முந்தி எரிந்து எஞ்சின் பின்னோக்கி உதைத்தால், ஆணி விடுபடாது. ஹாண்டில் கையோடு திரும்பி அடிக்கும். மணிக்கட்டின் பெருவிரற் பக்கத்தில், ஆரை எலும்பின் முனை முறிவதை வைத்திய நூல்கள் இன்றும் "சாரதி முறிவு" என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றன. ஆகையால் பழையவர்கள் பெருவிரலால் கைப்பிடியைச் சுற்றிப் பிடிப்பதில்லை. மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைப்பர். கீழே அழுத்திச் சுழற்றார். கீழிருந்து மேலே இழுப்பர். கியர் நடுநிலையில், கைபிறேக் இறுக்கத்தில் இருத்தல் வேண்டும்.

"புதுப் பற்றரி வாங்கி ஓட்டிப் பார்க்கலாமா?" என்றும் மாணவர் கேட்கிறார். வேண்டாம். பல்லாண்டு உறங்கிய எஞ்சினை மின் ஸ்ராட்டரால் உலுப்பினால், துருப்பிடித்த வளையங்கள் முறியக்கூடும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஒயில் விட்டு, நாலைந்து நாள் பொறுத்திரும். பின்னர் பம்பர்த் துளையூடாக ஹாண்டிலைச் செலுத்தி மெல்லத் திருப்புக. பிளக்குகள் இல்லாதபோது எஞ்சின் உதைக்காது. எனினும் பெருவிரலை அவ்வாறே வைத்துப் பழகுக. இறுகியிருந்தால் குழாய் மாட்டி வலிந்து திருப்பாதீர். மேலும் ஒயில் விட்டுக் காத்திரும். வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்யும் நாளிலும் மெக்கானிக் அதே ஹாண்டிலைத்தான் கேட்பார்.

தண்டு அசைந்ததா என்பதை மட்டும் எமக்கு ஒரு வரியில் எழுதுக, தம்பி.