‘மொபைல் அடிக்‌ஷன்’ என்று எழுதுவதற்கு முன்

பள்ளி ஆலோசகர்களும் குடும்ப மருத்துவர்களும் நமக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டுகளில் இன்று அதிகம் காணப்படும் சொல் ‘மொபைல் அடிக்‌ஷன்’. இரவு இரண்டு மணிவரை ஃப்ரீ ஃபயர் ஆடும் ஒன்பதாம் வகுப்புப் பையன் அந்தச் சொல்லோடு வருகிறான். ரீல்ஸ் பார்த்து மதிப்பெண் சரிந்துபோன பிளஸ் டூ மாணவியும் அதே சொல்லோடுதான் வருகிறாள். ரம்மியில் தங்கையின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை விட்டுவிட்ட இளைஞனின் சீட்டிலும் அதுவே எழுதியிருக்கிறது. மூவர் கையிலும் இருந்தது போன் என்பதைத் தவிர இவர்களுக்குள் ஒற்றுமை குறைவு. பாதிப்பு வேறு, ஆபத்தின் அளவு வேறு, தடுக்கும் வழியும் வேறு.

சீட்டில் அந்தச் சொல் ஏறிவிட்டால், கேட்க வேண்டிய கேள்விகள் பாதி கேட்கப்படாமலே போகின்றன. “ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பாக்குறான் டாக்டர்” என்று அம்மா சொல்கிறார். நாமும் எட்டு என்று குறித்துக்கொள்கிறோம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-11, விளையாட்டு அடிமைக் கோளாறுக்குச் சொல்லும் அடையாளங்கள் மூன்று: ஆடுவதைத் தன் கட்டுக்குள் வைக்க முடியாமை, வாழ்வின் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டம் முன்னுக்கு வருதல், கேடு விளைவதைக் கண்ட பிறகும் தொடர்தல். இவை குடும்பத்தையும் படிப்பையும் கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும்; பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஆடினால் நோய் என்ற கணக்கு அதில் இல்லை. தேர்வு முடிந்த விடுமுறையில் எட்டு மணி நேரம் ஆடிவிட்டு, பள்ளி திறந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் பையன் நோயாளி அல்ல. இரண்டே மணி நேரம் ஆடினாலும், அதற்காக வகுப்பைத் தவிர்த்து, நண்பர்களை விட்டு, அப்பாவின் யூபிஐ ரகசிய எண்ணைத் திருடி ஆட்டத்துக்கான டயமண்ட் வாங்குபவனை அப்படி விட்டுவிட முடியாது.

சமூக ஊடகத்துக்கு ஐசிடி-11இல் தனிப் பெயர்கொண்ட கோளாறு கிடையாது. அந்த மாணவி படும் பாடு பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா, உடல் தோற்றம் பற்றிய வாதை இருக்கிறதா, யாராவது மிரட்டுகிறார்களா என்று தேட வேண்டிய கடமை நமக்குக் கூடுகிறது என்பதே பொருள்.

ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. சிங்கப்பூரில் மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, ஜென்டைல் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பேர் சிக்கலான நிலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அதே நிலையில் நீடித்தார்கள். 2017இல் வைன்ஸ்டைன், ஷிபில்ஸ்கி, முரயாமா மூவரும் அமெரிக்கப் பெரியவர்களை ஆறு மாத இடைவெளியில் இருமுறை அளந்தபோது, இரண்டு முறையும் அளவுகோலை எட்டியவர் ஒருவர்கூட இல்லை. வயதும் அளவுகோலும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட முடியாது. ஆனால் யாரை நோயாளி என்று அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தே நோயின் ஆயுளும் மாறித் தெரிகிறது என்பதை இந்த இரண்டும் நமக்கு நினைவூட்டுகின்றன.

சிங்கப்பூர் ஆய்வில் நம் அறைக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி வேறொன்று. எதையும் யோசிக்காமல் செய்யும் இயல்பும் மற்றவர்களோடு பழகுவதில் தடுமாற்றமும் ஆட்டச் சிக்கலுக்கு முன்பே இருந்தன. மனச்சோர்வு, பதற்றம், மதிப்பெண் சரிவு ஆகியவை பின்னால் வந்தன. ஆகவே “எப்போது ஆரம்பித்தது?” என்பதோடு நிறுத்தாமல், “அதற்கு முந்தைய வருஷம் எப்படி இருந்தான்?” என்றும் கேட்க வேண்டும். கவனக்குறைவுக் கோளாறு உள்ள பையனுக்கு, பள்ளி ஒரு பருவம் கழித்துத் தரும் பாராட்டை ஆட்டம் பத்து விநாடியில் தருகிறது. அந்தக் கோளாறைக் கவனிக்காமல் போனை மட்டும் பூட்டினால் நாம் எதையும் குணப்படுத்தவில்லை.

பூட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. போனைப் பிடுங்கியதும் பையன் கத்தினான், கதவை உதைத்தான் என்று பெற்றோர் சொல்வதை விலகல் அறிகுறியாக உடனே பதிவுசெய்யும் வழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. ஆட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது கொஞ்சம் மாறும். நான்கு பேர் ஒரே அணியாக இறங்கும் ஒரு சுற்று பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஓடும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. பாதியில் போனால் மற்ற மூவரையும் கைவிட்டதாகும். மறுநாள் வகுப்பில் அந்த மூவரின் முகத்தில் விழிக்க வேண்டும். “ஒரு நிமிஷம்மா” என்று அவன் சொல்வது பல நேரம் உண்மையான வேண்டுகோள். நிமிடக் கணக்கில் கட்டுப்பாடு வைக்கும் வீட்டில் சண்டை ஓயாது. இன்று இரண்டு சுற்று, மூன்றாவது கிடையாது என்று பேசி முடித்த வீட்டில் அது தணிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரவில் எல்லார் போனும், அப்பாவுடையது உட்பட, கூடத்தில் சார்ஜில் கிடக்க வேண்டும் என்பது நான் தவறாமல் கேட்கும் இன்னொரு உறுதிமொழி. முதலில் தூக்கம் திரும்பட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

அரசுகள் கடிகாரத்தை நம்பிப் பார்த்தன. தென்கொரியா 2011இல், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணையத்தில் ஆட முடியாதபடி சட்டம் கொண்டுவந்தது. பெற்றோரின் அடையாள எண்ணில் நுழைந்தும், சட்டம் தொடாத கைபேசி ஆட்டங்களுக்கு மாறியும் பிள்ளைகள் அதைத் தாண்டினார்கள். பத்தாண்டு கழித்து 2022 தொடக்கத்தில் அச்சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. இங்கே பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டே அதே ஆட்டம் வேறு பெயரில் திரும்பி வந்தது.

பள்ளியில் நடத்தும் ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டங்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை தருவது ஜெர்மனியில் லிண்டன்பெர்க் குழுவினர் செய்தது. முதலில் பள்ளிகளில் கணித்து, அபாயத்தில் இருந்த 422 மாணவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறு குழுக்களில் நான்கே அமர்வுகள் நடத்தினார்கள். சலிப்பை எப்படிக் கையாள்வது, வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை எப்படி உடைப்பது, கோபத்தையும் வருத்தத்தையும் திரைக்கு வெளியே எப்படித் தணிப்பது என்பவைதான் பாடம். ஓராண்டில் அவர்களின் அறிகுறிகள் ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகமாகக் குறைந்தன. புதிதாக நோய்நிலைக்குச் செல்வோர் எண்ணிக்கையில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. அளவான வெற்றிதான். ஆனாலும் ஒரு பள்ளி ஆலோசகர் நான்கு வாரத்தில் நடத்தக்கூடிய அளவில் இருக்கிறது என்பதால் இதை நம் மாவட்டங்களில் முயன்று பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

மூன்றாமவனுக்கு, அந்த ரம்மி இளைஞனுக்கு, மேலே சொன்ன எதுவும் போதாது. அவனுடையது சூதாட்டக் கோளாறு. டிஎஸ்எம்-5 இதை 2013இலேயே மது, போதைப்பொருள் அடிமைநோய்களோடு சேர்த்து வைத்துவிட்டது. தற்கொலை அபாயம் மிகுந்த அடிமைநோய்களில் இதுவும் ஒன்று. ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று அவர்கள் சொல்வதுதான் நோயின் நடு நரம்பு. ஜெயித்த ஆசையைவிட, தோற்றதை மீட்கும் வெறியே அவர்களைக் கடன் செயலிவரை இழுத்துச் செல்கிறது. தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் வந்த முதல் அவசரச் சட்டத்திலிருந்து, உயர்நீதிமன்ற வழக்குகள், 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டம், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஆட்டத்தை நிறுத்திய 2025 விதிகள் என்று நீண்ட போராட்டம் நடந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றமே தடைசெய்தது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் செயலி போய்விட்டாலும் கடன் போகவில்லை, விட்டதைப் பிடிக்கும் வேகமும் போகவில்லை.

அந்த வேகம் எங்கே போகக்கூடும் என்பதற்குச் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். இப்படி இறங்கியவர்களில் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. வணிகம் செய்யும் எல்லாரும் நோயாளிகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்பைரி நாளன்று அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து ஆப்ஷன் வாங்கி, மாலையில் நஷ்டத்தை ஈடுகட்ட மறுபடி கடன் வாங்கும் இளைஞனிடம், ரம்மி மேசையில் பார்த்த அதே வரிசையைப் பார்க்கிறேன். ‘டிரேடிங்’ என்ற மரியாதையான பெயர் இருப்பதால் வீட்டிலும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

அவன் ‘மொபைல் அடிக்‌ஷன்’ சீட்டோடு வரப்போவதில்லை. தூக்கமில்லை, நெஞ்செரிச்சல் என்று பொது மருத்துவரிடம் போவான். அங்கேயே கேட்க இரண்டு கேள்விகள் போதும். 1990களிலிருந்து புழங்கும் சிறிய சல்லடை முறை இது. வைக்கும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா? எவ்வளவு வைத்தீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்ததுண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நம்மிடம் அனுப்பலாம். இரவில் தனியாகத் தவிப்பவனுக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கையில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வந்தவனிடம் கடன் பட்டியலை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை ஒன்றிரண்டு கடன் விட்டுப்போகும். பெரும்பாலும் அவைதான் பெரியவை. அடுத்த வாரம் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.