ஆயாம்மாவிடம் கேட்காத ஆய்வு

முதியோர் இல்லங்களின் தரம் உயர ஆய்வுகள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்களும் சொல்கிறோம். ஆனால் அந்த ஆய்வுகள் இல்லத்தின் வாசலைத் தாண்டுவதில்லையே, ஏன்?

முதலில், இல்லவாசிகள் கணக்கிலேயே இல்லை. முதுமை குறித்து இந்தியாவில் நடந்த மிகப் பெரிய ஆய்வு லாசி. 2017-18இல் 72,000க்கும் அதிகமானோரைச் சந்தித்தது. அது வீடுகளில் எடுத்த கணக்கு. வீடற்று இல்லத்தில் கிடப்பவர் அதில் வரமாட்டார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைப்பதையும் தர விதிகள் வகுப்பதையும் பேசுகிறது. இரண்டுமே அங்கே 'செய்யலாம்'தான். 'செய்ய வேண்டும்' அல்ல. எத்தனை பேருக்குப் படுக்கைப் புண், எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்கள் என்று வெளியிடச் சொல்லும் ஒரு வரிகூட அந்தப் பிரிவில் இல்லை.

ஆகவே ஆய்வாளர் நிர்வாகியின் தயவை நம்பியே உள்ளே போகிறார். யாரிடம் பேசலாம் என்பதை நிர்வாகி முடிவு செய்கிறார், பக்கத்திலேயே நிற்கிறார். படுக்கைப் புண்ணை முதலில் பார்ப்பது டயப்பர் மாற்றும் ஆயாம்மா. நாங்கள் போய்வந்த இல்லங்களில் அவர் பெரும்பாலும் சேரியிலிருந்து வரும் பெண், ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்தத் தொழிலாளி. உண்மையைச் சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. அந்த மௌனத்தை "குறை ஏதுமில்லை" என்று அறிக்கை எழுதிக்கொள்கிறது.

மூன்றாவது தடையை யாரும் தடை என்றே சொல்வதில்லை. அது சாதி. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒவ்வொரு இல்லவாசியின் நிலையும் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிவாகிறது. அதில் இனமும் உண்டு. அதனால்தான் கறுப்பின முதியோர் தரம் குறைந்த இல்லங்களிலேயே அதிகம் சேர்கிறார்கள் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வால் நிறுவ முடிந்தது. இங்கே "நாங்கள் சாதி பார்ப்பதில்லை" என்ற ஒற்றை வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சமையற்கட்டில் யார், கழிவறையில் யார், யாருடைய கையால் சாப்பிட யார் மறுக்கிறார் என்பதெல்லாம் பராமரிப்பின் தரம் இல்லையா?

சாதியைக் கேட்டால் முதியவர் மனம் நோகும் என்பார்கள். விருப்பப்பட்டவர் மட்டும் சொல்லட்டும், பெயரில்லாமல் பதியட்டும். கேட்காமல் விடுவதால் நோவு குறைந்துவிடவில்லை, கணக்கில் வராமல் போகிறது, அவ்வளவே.

நாங்கள் கேட்பது மூன்று. அரசு நிதி பெறும் ஒவ்வோர் இல்லமும் படுக்கைப் புண், விழுதல், இறப்பு விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஊழியர்களிடம் இல்லத்துக்கு வெளியே, நிர்வாகி இல்லாமல், அன்றைய கூலியைக் கொடுத்துப் பேச வேண்டும். இல்லவாசிகள், ஊழியர்கள் இரு தரப்பின் சாதி விவரமும் ஆய்வில் இடம்பெற வேண்டும். இவை இல்லாத தர ஆய்வு, நிர்வாகத்துக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் மட்டுமே.