ஆபரேஷனுக்குப் பின் அசட்டை கூடாது

குடலில் புற்றுநோய் கண்டவர்கள், குடல் அடைத்து உயிருக்கு மன்றாடுகிறவர்கள் முதலியோரில் சிலருக்கு, வயிற்றில் துவாரம் செய்து குடலின் முனையை வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். இதற்கு ஸ்டோமா என்று பெயர். மலம் அங்கே ஒட்டியிருக்கும் பையில் சேரும். உயிரைக் காக்கும் ஆபரேஷன் இது என்பதில் ஐயமில்லை. ஆனால், வீடு திரும்பிய பிறகு பலர் படும் அவதி கொஞ்சமல்ல. அந்த அவதியில் பெரும் பகுதி தவிர்க்கக் கூடியதே.

முதற் காரியம், ஆபரேஷனுக்கு முன்பே இடத்தைக் குறிப்பது. நோயாளியைப் படுக்க, உட்கார, நிற்கச் செய்து பார்த்து, மையினால் அடையாளமிட வேண்டும். வேட்டியும் சேலையும் இறுக்குகிற இடத்திலோ, வயிற்று மடிப்பிலோ ஸ்டோமா அமைந்தால் பை சரியாக ஒட்டாது. மலம் கசிந்து தோல் வெந்து புண்ணாகும்.

அடுத்தது வீட்டுப் பராமரிப்பு. பையின் துவாரம் ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே பையைக் காலி செய்ய வேண்டும். சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் பை ஒட்டாது. தண்ணீர்க் குடமும் துணி மூட்டையும் தூக்கினால் ஸ்டோமாவின் அருகே குடல் பிதுங்கக் கூடும். டாக்டர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்கலாகாது.

சிறுகுடலில் ஸ்டோமா அமைந்தவர்களுக்கு உப்பும் நீரும் ஏராளமாக வெளியேறக் கூடும். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்து, தாமதியாமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். ஸ்டோமா சிவந்து ஈரமாக இருப்பதே நலம். கறுத்துப் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கலாகாது.

இவற்றையெல்லாம் நோயாளிக்குச் சொல்லித் தருவது யார்? 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், இதே ஆபரேஷன் செய்துகொண்ட நார்மா கில் என்ற மாதையே மற்ற நோயாளிகளுக்குப் பயிற்சி தர நியமித்தார். 1961-ல் அங்கே அதற்கென ஒரு பள்ளியே தோன்றியது.

அவிநாசிக்காரர் ஒருவர் கோவையில் ஆபரேஷன் செய்துகொண்டு, சுமார் 40 கிலோமீட்டர் கடந்து ஊர் திரும்புகிறார். இரவில் பை கசிந்தால் யாரிடம் கேட்பார்? இந்த ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், நோயாளிகள் திரும்பிச் செல்லும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவராவது இருக்க வேண்டும். இடத்தைக் குறிக்காமல் நோயாளியை ஆபரேஷன் மேஜைக்கு அனுப்பலாகாது. அவசர கேஸ் மட்டுமே விலக்கு. பை மாற்றத் தெரியாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. இது தொற்று நோயல்ல. வெட்கப்பட வேண்டியதும் அல்ல. நோயாளியைத் தனியே ஒதுக்காமல், வீட்டில் இன்னொருவரும் பை மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும்.